ஒட்டடையும் ஓசி சைக்கிளும்

லெய்டனிலிருந்து ஒட்டடை வந்திருந்தான்.

ஒட்டடை என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. 1993-ல் அண்ணாமலைநகர் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம், ஃபேனில் தொங்கிய நூலாம்படையை ஸ்டூல் போடாமல், எட்டிக்கூடப் பார்க்காமல், சும்மா நின்றபடி கையால் எடுத்துப் போட்டான். 6 அடி 2 அங்குலம். 48 கிலோ. அன்று சாயங்காலமே நாமகரணம் ஆகிவிட்டது. இப்போது உயரம் அப்படியே இருக்கிறது. எடை மட்டும் இரட்டிப்பு. பெயரை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் வீட்டு வாசலில் டாக்ஸியை விட்டு இறங்கியதும், பெட்டியைக்கூட வைக்காமல் கேட்டான்.

"டேய், சைக்கிள் இருக்கா?"

"எதுக்கு?"

"சிதம்பரம் போகணும்."

"கார் இருக்குடா. ஒரு மணி நேரம். ஏசி போட்டுக்கலாம்."

"காருக்குள்ள உக்காந்து ஊரைப் பாத்தா, டி.வி. பாக்கற மாதிரிதான். சைக்கிள்ல போவோம்."

லெய்டன்காரர்களோடு இதுதான் தொல்லை. அது ஹாலந்தில் இருக்கிற பல்கலைக்கழக ஊர். 1575-ல் ஆரம்பித்த பல்கலைக்கழகம். அந்த நாட்டில் ஜனத்தொகையைவிட சைக்கிள் தொகை அதிகம். பேராசிரியர், மேயர், பால்காரர் எல்லாரும் ஒரே மாதிரி மிதித்துக்கொண்டு போவார்களாம். நம்மூருக்கும் அந்த ஊர் புதுசில்லை. ராஜராஜ சோழன் நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தைக் கொடுத்த செப்பேடுகள் எப்படியோ கப்பலேறி அங்கே போய்ச் சேர்ந்து, 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர் வாங்கிவிட்டன. செப்பேட்டுக்குப் பிறகு அங்கே போய் நிலைத்தது, எனக்குத் தெரிந்து, ஒட்டடைதான்.

என் சைக்கிள் வாழ்க்கை 1999-ல் ஒரு மொபெட் வாங்கியதோடு முடிந்தது. அதற்கப்புறம் நான் மிதித்ததெல்லாம் மேலதிகாரியின் காலைத்தான், அதுவும் தவறுதலாக, ஒரே ஒரு முறை. கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். எனக்கு வயசு 50. இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதி அவனிடம் காட்டினேன். மசியவில்லை.

சைக்கிள் தேடும் படலம் தொடங்கியது. அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை இருக்கும். மட்கார்டில் பெயின்ட்டில் நம்பர், நோட்டில் நம் பெயர், மணிக்கு 1 ரூபாய். இப்போது கடலூரில் கார் வாடகைக்குக் கிடைக்கிறது, ஜேசிபி வாடகைக்குக் கிடைக்கிறது, கல்யாணத்துக்குக் குதிரைகூடக் கிடைக்கிறது. சைக்கிள் மட்டும் கேட்டால் மேலும் கீழும் பார்க்கிறார்கள். கடைசியில் என் தங்கை மகனின் கியர் சைக்கிள் ஒன்று தேறியது. இன்னொன்று, எதிர் வீட்டுப் பெண்ணுக்கு பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிள். முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள்.

"அங்கிள், செயின் அடிக்கடி கழளும். கையால மாட்டிக்குங்க. திங்கக்கிழமை ஸ்கூல் இருக்கு, வந்துடுவீங்கல்ல?" என்றாள். என் உடல்நிலை பற்றி அவளுக்கிருந்த சந்தேகம் நியாயமானதே.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போதுதான் வினை வந்தது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். என் மகன் காலேஜில் இரண்டாம் வருஷம். ஃபீஸ் கட்டக் கடைசி நாள் வந்தால் செல்போனை நீட்டுவான். நான் விரலை வைப்பேன். பணம் போய்விடும். ஃபீஸ் என்றால் அவனுக்கு அவ்வளவுதான். ஆகவே அவ்வப்போது என் வீர வரலாற்றை எடுத்துவிடுவது வழக்கம். 1995-ல் பரீட்சை ஃபீஸ் கட்ட வழியில்லாமல், அப்பா ஆசையாய் வாங்கிக் கொடுத்த ஹெர்குலிஸ் சைக்கிளை விற்றுப் பணம் கட்டிப் படித்து முன்னுக்கு வந்தவன் நான். பெண் பார்க்கப் போன இடத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறேன். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆபீஸில் புதிதாகச் சேரும் பையன்களுக்கும் முதல் வாரத்திலேயே கிடைத்துவிடும்.

கதை முழுக்க நிஜம். ஒரு சின்னத் திருத்தம் மட்டும் உண்டு. சைக்கிள் என்னுடையதல்ல. ஒட்டடையுடையது.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. தமிழில் தோன்றா எழுவாய் என்று ஒரு வசதி இருக்கிறது. "அந்தக் காலத்துல சைக்கிளை வித்துத்தான் ஃபீஸ் கட்டினது" என்று முதலில் எங்கேயோ சொன்னேன். யார் சைக்கிள், யார் விற்றது என்று நான் சொல்லவில்லை. கேட்டவர்களாகவே என்னை அந்த இடத்தில் உட்காரவைத்தார்கள். நான் இறங்கவில்லை. அடுத்த தடவை சொல்லும்போது அப்பா வாங்கிக் கொடுத்தார். அதற்கடுத்த தடவை ஹேண்டில்பாரில் குஞ்சம் வந்துவிட்டது.

ரசம் ஊற்றும் நேரத்தில் மகன் கேட்டான். "அங்கிள், அப்பா சைக்கிளை வித்து ஃபீஸ் கட்டினாராமே, அப்ப நீங்க கூட இருந்தீங்களா?"

எனக்கு அப்பளம் தொண்டையில் நின்றது. ஒட்டடை என்னைப் பார்த்தான். ஒரு வினாடிதான்.

"இருந்தேனே தம்பி. நல்ல வண்டி. டைனமோ வெச்சது" என்றான். பிறகு என் மனைவியிடம், "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் ரசம்" என்றான்.

டைனமோவை நான் மறந்தே போயிருந்தேன்.

மறுநாள் காலை 5 மணிக்குக் கிளம்பினோம். முதலில் தேவனாம்பட்டினம். இத்தனை வருஷம் கடலூரில் இருந்தும், சில்வர் பீச்சுக்குச் சுண்டல் சாப்பிடப் போவதைத் தவிர அந்தப் பக்கம் எனக்கு வேலை இருந்ததில்லை. அங்கேதான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-ல் இங்கிலீஷ்காரர்கள் செஞ்சி மராட்டியரிடமிருந்து அதை விலைக்கு வாங்கினார்கள். எவ்வளவு நிலம் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு அழகான அளவு வைத்துக்கொண்டார்கள்: கோட்டையிலிருந்து சுற்றிலும் பீரங்கியால் சுடுவது, குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை அவர்களுக்கு. கிடைத்ததிலேயே பெரிய பீரங்கியாகத் தேடிப் பிடித்துச் சுட்டார்கள் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. 'குண்டு உப்பலவாடி' என்று இன்றைக்கும் ஒரு ஊரின் பேர் இருக்கிறது. குண்டு சாலையில் நான் தினமும் போகிறேன். அது பருமனானவர்கள் நடக்கும் சாலை என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, ராபர்ட் கிளைவ் என்ற 21 வயசு குமாஸ்தா மாறுவேஷத்தில் தப்பித்து ஓடிவந்து சேர்ந்த இடம் இதுதான். குமாஸ்தா என்பதை ஆபீஸ் நண்பர்கள் கவனிக்கவும். பத்து வருஷத்தில் இதே கோட்டைக்கு கவர்னர் ஆனார். அப்புறம் வங்காளம், பிளாசி. இந்த மாதிரி புரமோஷன் எல்லாம் நம் டிபார்ட்மென்ட்டில் கிடைப்பதில்லை. 1758-ல் பிரெஞ்சுக்கார லாலி வந்து கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார்.

"அவ்ளோதான் மிச்சமா?" என்றான் ஒட்டடை.

"அவ்ளோதான்."

"சரி, வா."

கெடிலம் பாலத்தைத் தாண்டித் திருப்பாதிரிப்புலியூர். புதுமைப்பித்தன் 1906-ல் பிறந்த ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் மஞ்சக்குப்பத்தில் ஜெயகாந்தன், 1934. இரண்டு பேரும் நடந்த தெருக்களில் நடந்தே வளர்ந்த எனக்கு எழுத்தில் இந்தப் பத்திதான் வாய்த்தது. காற்று எல்லார் மேலேயும் ஒரே மாதிரி படுவதில்லை. பாடலீஸ்வரர் கோபுரத்தை ரோட்டிலிருந்தே கும்பிட்டுவிட்டு, கடலூர் ஓ.டி. எனப்படும் பழைய நகரம். அங்கே டீ. அதற்கப்புறம் சிப்காட். அந்த ரசாயனத் தொழிற்சாலைகளைத் தாண்டும்போது பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். சைக்கிளில் ஜன்னல் இல்லை. மூக்கைப் பிடித்தால் ஹேண்டில்பாரைப் பிடிக்க முடியாது. ஒட்டடை சொன்ன 'ஊரை ஊராகப் பார்ப்பது' எனக்கு அங்கேதான் முழுசாக விளங்கியது.

ஆலப்பாக்கம் வந்தபோது மணி எட்டரை. என் செயின் நான்கு தடவை கழன்றிருந்தது. அவன் சைக்கிளுக்கு 21 கியர்; அதில் ஒன்றுகூட அவனை முன்னால் கொண்டுபோகவில்லை. ஹாலந்து தட்டையான தேசம் என்பதும், அங்கே மார்ச் மாத வெயில் என்ற ஒன்று கிடையாது என்பதும் அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஒரு புளியமரத்தடியில் வண்டியைச் சாய்த்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ரொம்ப நேரம் பேசவில்லை. மூச்சு வந்த பிறகு பேசுவதாக உத்தேசம்.

ஒரு குட்டியானை வந்து நின்றது. தர்ப்பூசணி லோடை இறக்கிவிட்டு காலியாகத் திரும்புகிற வண்டி.

"எங்க போறீங்க சார்?"

"சிதம்பரம். சைக்கிள்ல" என்றான் ஒட்டடை, பெருமையை விடாமல்.

டிரைவர் எங்களையும் அரசாங்க முத்திரை போட்ட லேடீஸ் சைக்கிளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏறுங்க" என்றார். மறுபேச்சு இல்லாமல் ஏறினோம். ஒரு லெய்டன்காரன் கொள்கையை விட்டுக் கொடுப்பதை நான் நேரில் பார்த்தேன்.

வண்டியின் பின்னால் நின்றுகொண்டு போவதும் நன்றாகத்தான் இருந்தது. புதுச்சத்திரம், பி.முட்லூர். இடது பக்கம் பிரிந்தால் பரங்கிப்பேட்டை. 1781-ல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதிய இடம். வெள்ளாறு கடலில் சேரும் அந்த முகத்துவாரத்தில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. எங்கள் காலத்தில் அங்கே படித்த பையன்கள் வார இறுதியில் ஹாஸ்டலுக்கு வந்தால், அவர்கள் வந்த சேதியை மூக்கே சொல்லிவிடும். ஆனால் நண்டு வாங்கி வருவார்கள். மரியாதை கொடுத்தோம்.

சிதம்பரத்தில் இறங்கியதும் முதல் வேலை, இட்லியும் கத்திரிக்காய் கொத்சும். கொத்சைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. சாம்பாரில் கத்திரிக்காய் விருந்தாளி, கொத்சில் வீட்டுக்காரர். இவ்வளவு போதும். ஒட்டடை எட்டு இட்லி சாப்பிட்டான். லெய்டனில் இட்லி கிடைக்கும், கொத்சு கிடைக்காது.

பிறகு சைக்கிளில் நாலு தேர்வீதியும் ஒரு சுற்று. கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி. தேர் திரும்புவதற்காகப் போட்ட தெருக்களில் சைக்கிள் ஓட்டுவது தனி சுகம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஏழு நிலைக் கோபுரம் நம்மைப் பார்க்கிறது. அன்றைக்கு எங்களைத் தாண்டிப் போனதெல்லாம் யூனிஃபார்ம் போட்ட பெண்பிள்ளைகள். ஸ்பெஷல் கிளாஸாக இருக்கும். என் சைக்கிளைப் பார்த்து ஒரு பெண் தோழியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டபோது, 'பொம்பளைக்கு எதுக்குங்க சைக்கிள்' என்று கேட்ட ஆசாமிகள் உண்டு. இப்போது லேடீஸ் சைக்கிளில் போகிற ஆம்பளையைப் பார்த்து அவர்கள் சிரிக்கிறார்கள். கணக்குச் சரி.

கோயிலுக்குள் போனோம். கோபுர வாசல் சுவர்களில் 108 கரணங்கள், நாட்டிய சாஸ்திரத்து நிலைகள், கல்லில். காலைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கும் ஒரு சிற்பத்தின் முன் ஒட்டடை நின்று, "எனக்கு இப்ப காலைத் தரையில வெக்கறதே கஷ்டமா இருக்கு" என்றான். சிற்சபையின் பொன் ஓடுகள் 21,600 என்பார்கள். மனுஷன் ஒரு நாளைக்கு விடுகிற மூச்சுக் கணக்காம் அது. அன்றைக்கு ஆலப்பாக்கத்திலேயே நான் கோட்டாவைத் தாண்டியிருப்பேன்.

அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பேச்சுவாக்கில் ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்தினார். நடராஜரே இந்த ஊரைவிட்டுப் போயிருந்த காலம் உண்டு. படையெடுப்புக்குப் பயந்து 1648-ல் சிலையை எடுத்துக்கொண்டு போய் குடுமியான்மலையிலும் மதுரையிலும் வைத்திருந்து, 1686-ல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். 37 வருஷத்துக்கு மேல்.

"நான் 30 வருஷம்தான்" என்றான் ஒட்டடை.

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அவரு வந்ததும் ஆடினாரு. நீங்க?"

ரயில்வே லைனைத் தாண்டினால் அண்ணாமலைநகர். லைனுக்கு மேற்கே கோயில் ஊர், கிழக்கே படிப்பு ஊர். 1929-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், தான் நடத்திவந்த கல்லூரிகளையும் 20 லட்சம் ரூபாயையும் கொடுத்து ஆரம்பித்த பல்கலைக்கழகம். அதற்கு முன்னாலேயே அவருடைய மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் உ.வே. சாமிநாதய்யர் 1924-லிருந்து மூன்று வருஷம் முதல்வராக இருந்திருக்கிறார். முதல் தமிழ்ப் பேராசிரியராக மட்டக்களப்பிலிருந்து விபுலானந்தர் வந்தார். 1935-லிருந்து ஐந்து வருஷம் துணைவேந்தர் சீனிவாச சாஸ்திரி. இங்கிலீஷ் பேச்சில் வெள்ளைக்காரர்களையே வாய் பிளக்க வைத்தவர். அவர் பெயரிலிருக்கும் சாஸ்திரி ஹாலில்தான் பட்டமளிப்பு விழா நடக்கும். 2013-ல் அரசாங்கமே பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டது. நாங்கள் படித்த காலம் அதற்கெல்லாம் முன்னால்.

(ஒட்டடை ஒரு விஷயம் சொன்னான். ஹெர்குலிஸ் சைக்கிள் செய்த அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸும் செட்டிநாட்டு முதல்தான், 1949. ஆக, எங்களைப் படிக்க வைத்ததும் செட்டிநாடு, மிதிக்க வைத்ததும் செட்டிநாடு.)

செக்யூரிட்டி நிறுத்தினார். "யாரைப் பாக்கணும்?"

"எங்களைத்தான்" என்றான் ஒட்டடை. அவருக்குப் புரியவில்லை. ஆனால் இரண்டு பேரின் தலைமுடியையும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ராஜேந்திரன் சிலையருகே சைக்கிளை நிறுத்தினோம். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில், ஜனவரி 27-ம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவன். படிக்கும் காலத்தில் எங்களுக்கு அது 'சிலைகிட்ட வந்துடு' என்று சொல்வதற்கான இடம். காதல் கடிதம் கைமாறியதும் அங்கேதான், கடன் வசூலானதும் அங்கேதான். அந்தப் பையன் எங்களைவிட மூத்தவன் என்று அப்போது தோன்றும். இப்போது நிமிர்ந்து பார்த்தால் என் மகன் வயசு.

திருவேட்களம் கோயிலுக்கும் போனோம். பல்கலைக்கழகத்தை ஒட்டியே இருக்கிற தேவாரத் தலம். அர்ஜுனன் தவமிருந்து பாசுபதாஸ்திரம் வாங்கிய இடம் என்பது ஐதீகம். பரீட்சை சமயத்தில் அர்ஜுனனைவிடக் கடுமையாக நாங்கள் அங்கே நின்றிருக்கிறோம். அஸ்திரம் கேட்கவில்லை, 35 மார்க் கேட்டோம்.

அதற்கப்புறம்தான் அவன் அந்தத் தெருவுக்குத் திருப்பினான்.

சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது ஜெராக்ஸ், செல் ரீசார்ஜ், பிரவுசிங் எல்லாம் சேர்ந்த ஒரு கடை. பக்கத்தில் இருந்த டீக்கடை அப்படியே இருந்தது. டீ 3 ரூபாயாக இல்லை, அவ்வளவுதான். இரண்டு டீ வாங்கிக்கொண்டு சுவரோரம் நின்றோம். முந்தின ராத்திரியிலிருந்து நெஞ்சில் இருந்ததை எடுத்தேன்.

"டேய், நேத்து பையன்கிட்ட..."

"விடுடா. டைனமோ வேற சேத்துச் சொல்லியிருக்கேன். இனிமே நீ சொல்லும்போது அதையும் சேத்துக்க."

"இல்லடா, நான் வேணும்னு..."

"400 ரூபா குடுத்தாரு" என்றான், கடையைப் பார்த்தபடி. "பெல்லை மட்டும் கழட்டிக்கிறேன்னு கெஞ்சினேன். விடல. அது எங்க அப்பா நெய்வேலில தேடி வாங்கினது."

நான் இத்தனை வருஷமாக அவிழ்த்துவிட்ட கதையில் அப்பா வாங்கிக் கொடுத்தது என்ற பகுதியாவது நிஜமாக இருந்திருக்கிறது. யார் அப்பா என்பதில்தான் பிழை.

பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டேன். "ஆமா, நீ ஏண்டா அந்தப் பரீட்சை எழுதாமப் போன? அப்பாவுக்கு முடியலன்னு லெட்டர் வந்துச்சுன்னே. ஒரு மாசம் பொறுத்து எழுதிட்டுப் போயிருக்கலாமே?"

டீயை ஊதினான். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

"எனக்கும்தான் ஃபீஸ் கட்டல."

"என்னது?"

"லெட்டர்ல அதையும்தான் எழுதியிருந்தாரு. பணம் அனுப்ப முடியாதுன்னு. நீயும் கட்டல, நானும் கட்டல. இருந்தது ஒரு சைக்கிள். அதுக்குக் கெடச்ச பணம் ஒருத்தருக்குத்தான் காணும்."

எதிரே ஒரு பையன் ஜெராக்ஸ் கடையில் ஹால்டிக்கெட்டோ எதுவோ பிரின்ட் எடுத்துக்கொண்டிருந்தான். அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கட்டியிருப்பியா?"

கட்டியிருக்க மாட்டேன் என்பதுதான் மரியாதைக்குரிய பதில். அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் 20 வயசில் நான் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் மறுத்திருப்பேன். அப்புறம் அவன் வற்புறுத்தியிருப்பான். அப்புறம் கட்டியிருப்பேன். அதற்கப்புறம் இரண்டு பேருமே ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்திருக்க முடியாது. அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ. நான் பதில் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

"ரொம்ப உருகாத. எனக்கு ஏற்கெனவே ரெண்டு அரியர்" என்றான். "நீதான் பாஸ் பண்ணுவேன்னு தோணிச்சு. பந்தயத்துல எந்தக் குதிரை மேல கட்டறதுன்னு ஒரு கணக்கு இருக்குல்ல."

குதிரை கடலூரில் ஒரு ஆபீஸில் சீனியர் அசிஸ்டென்ட் ஆகி, பத்திரிகையில் பத்தியும் எழுதுகிறது. அவன் ஊருக்குப் போய், சிமென்ட் கடையில் கணக்கு எழுதி, அதே பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியில் தபாலில் டிகிரி வாங்கி, கம்ப்யூட்டர் படித்து, சென்னை போய், லெய்டன் போனான். பட்டம் தபாலில் வந்தது. சாஸ்திரி ஹாலுக்குள் அவன் பட்டம் வாங்கப் போனதே இல்லை. அன்றைக்கும் ஹால் பூட்டியிருந்தது. வாசலில் இரண்டு சைக்கிளையும் நிறுத்தி ஒரு போட்டோ எடுக்கச் சொன்னான். எடுத்தேன். அவனை மட்டும்.

400 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அசட்டுத்தனமாக ஒரு வார்த்தை சொன்னேன். "லெய்டன்ல அதுக்கு ஒரு பஞ்சர்கூட ஒட்ட மாட்டாங்க" என்றான். சொல்லிவைத்த மாதிரி என் பின்சக்கரம் அப்போதுதான் காற்று இறங்கியிருந்தது. பஞ்சர் ஒட்டக் கடை தேடி இரண்டு தெரு உருட்டிக்கொண்டு போனோம். ஒட்டினவர் 60 ரூபாய் கேட்டார். ஒட்டடை பாக்கெட்டில் கைவிட்டான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் பலமாகவே பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. விட்டுக்கொடுத்தான்.

பிச்சாவரம் போக நேரமில்லை. தில்லை மரங்கள் ஊரில் போய் இப்போது அங்கேதான் இருக்கின்றன. படகில் போய்ப் பார்க்க வேண்டும். அடுத்த தடவை என்று சொல்லிக்கொண்டோம். காலையில் நம்பர் வாங்கி வைத்திருந்த அதே குட்டியானைக்காரர் சாயங்காலம் வந்து ஏற்றிக்கொண்டார். "சைக்கிள் டூர் நல்லா இருந்துச்சா சார்?" என்று கேட்டார். அவர் வண்டியில் சிரிக்காமல் பேசுவதற்குப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கிளம்பிப் போய்விட்டான். எதிர் வீட்டுப் பெண்ணிடம் சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, புது பெல் ஒன்று மாட்டிக் கொடுத்தேன். "ஏன் அங்கிள், பழைய பெல்லே நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள். சும்மா என்றேன்.

ராத்திரி சாப்பிடும்போது மகனிடம் சொன்னேன். சைக்கிள் யாருடையது, யார் விற்றது, யாருக்கு ஃபீஸ் கட்டவில்லை, எல்லாவற்றையும். எழுவாயைப் போட்டே சொன்னேன். என் மனைவி பரிமாறுவதை நிறுத்திவிட்டு நின்றாள். மாமனார் இப்போது இல்லை; அந்த மட்டும் ஒரு கண்டம் தப்பியது.

மகன் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்தான்.

"அப்ப நீங்க எதைப்பா வித்தீங்க?"